மூன்று வருஷ கிளவுட் சாஃப்ட்வேர் அக்ரிமென்ட்: கையெழுத்துக்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

போடி_ஸ்டோர் | செவ்வாய், இரவு 9.40

எங்களுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். மலைமேல் கேரளப் பக்கம் வண்டன்மேட்டில் தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், ஒரு கோடவுன். அப்பா காலத்தில் சிட்டை நோட்டு, பிறகு டேலி. இப்போது வேலை பெருகிவிட்டது. மேலே ஸ்டோரில் போடும் எடை உடனே கீழே கடையில் தெரிய வேண்டும். எந்த லாட் புத்தடி ஏலத்துக்குப் போனது, எது போடி ஏலத்துக்கு வந்தது, எது விலை கட்டாமல் திரும்பியது என்று நாள் முழுக்க போனிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கிளவுட் சாஃப்ட்வேர் கம்பெனியின் டீலர் வந்து டெமோ காட்டினார். நன்றாகவே இருந்தது. 12 யூசர், மூன்று வருஷம், ஒவ்வொரு வருஷமும் பணம் முன்கூட்டியே. ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார். அக்ரிமென்ட் நான்கே பக்கம். இரண்டு இடத்தில் மட்டும் 'மற்ற விதிமுறைகள் எங்கள் இணையதளத்தில் உள்ளபடி' என்று இருக்கிறது.

விலையைத் தவிர எதைப் பார்ப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பன்னீர்த்திராட்சை | செவ்வாய், இரவு 10.25

தம்பி, கம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். இன்றைக்குக் கொடுக்கும் தள்ளுபடியை அடுத்த மாதக் கடைசியிலும் கொடுப்பார்கள். அவர்களுக்கும் மாதாமாதம் விற்றுக்காட்ட வேண்டிய கணக்கு இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். திராட்சைக் கமிஷன் மண்டிக்கு ஒரு கம்பெனியிடம் இதே மாதிரி எடுத்தோம். இரண்டு வருஷம் குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் வருஷம் சந்தாவை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கினார்கள். முடியாது, வேறு பார்த்துக்கொள்கிறோம் என்றோம். சரி என்றார்கள். காலக்கெடு முடிந்த மறுநாள் காலை லாகின் திறக்கவில்லை. எங்கள் கணக்கைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஒரு வாரம் கழித்து ஒரு கோப்பு வந்தது. உள்ளே இருந்தது முழுக்க பிடிஎஃப். பில்லுக்கு ஒரு பிடிஎஃப். எக்செல் கேட்டால், அக்ரிமென்ட்டில் 'தரவு வழங்கப்படும்' என்றுதான் இருக்கிறது, எந்த வடிவில் என்று இல்லை என்றார்கள். அப்புறம்தான் எடுத்துப் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

கோடவுன் மாடியில் இரண்டு பெண்களை உட்காரவைத்து, ஒருவர் பிடிஎஃப்பைப் படிக்க இன்னொருவர் டைப் அடிக்க, 40 நாள் ஆனது. விவசாயிகளுக்குக் கொடுத்திருந்த முன்பணப் பாக்கியில் மூன்று பெயர் விட்டுப்போனது. அதில் ஒருவர் தானாக வந்து, அண்ணே என் பேரில் இவ்வளவு பாக்கி நிற்குமே என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போனார். மற்ற இரண்டும் போனது போனதுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். உள்ளே போவதற்கு முன்னால் எப்படி வெளியே வருவது என்று பாருங்கள். டெமோவில் பில் போட்டுக் காட்டச் சொல்லி எல்லோரும் கேட்கிறோம். முழுக் கணக்கையும் எப்படி வெளியே எடுப்பது என்று காட்டு என யாரும் கேட்பதில்லை.

போடி_ஸ்டோர் | செவ்வாய், இரவு 10.50

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. என் அக்ரிமென்ட்டைப் பார்த்தேன். 'ஒப்பந்தம் முடிந்த 30 நாட்களுக்குப் பின் வாடிக்கையாளர் தரவு நீக்கப்படும்.' அவ்வளவுதான். எப்படித் தருவார்கள் என்று ஒரு வரி இல்லை.

பேரேடு | புதன், காலை 7.15

தேனியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த 30 நாள் வரியைத்தான் நானும் முதலில் பிடிப்பேன்.

ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவின்படி, அந்தந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2025-26 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2026 டிசம்பர் 31. அதிலிருந்து ஆறு வருஷம் என்றால் 2032 டிசம்பர் 31 வரை. வழக்கு, மேல்முறையீடு என்று ஏதாவது இருந்தால் இன்னும் நீளும். உங்கள் அக்ரிமென்ட் மூன்று வருஷம், அழிப்பது 30 நாளில். நோட்டீஸ் வரும்போது அதிகாரி உங்களிடம்தான் கேட்பார். சாஃப்ட்வேர் கம்பெனி அழித்துவிட்டது என்பது பதிலாகாது.

அடுத்து, உங்களைப் போல எல்லையின் இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கென்றே ஒரு விஷயம். வண்டன்மேடு கேரளம், அங்கே 32 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண். போடியில் 33. ஒரே நிறுவனம், ஒரே பான் எண் என்றாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு நபர். மேலிருந்து உங்கள் சரக்கையே கீழே உங்கள் கடைக்கு இறக்கினாலும் வரி போட்டு இன்வாய்ஸ் வேண்டும். மாநிலம் தாண்டுவதால் 50,000 ரூபாய்க்கு மேல், சரக்கு வண்டியோடு போகவேண்டிய இ-வே பில்லும் வேண்டும். பல சாஃப்ட்வேர்களில் விலைப்பட்டியல் 'ஒரு கம்பெனிக்கு இவ்வளவு' என்று இருக்கும். அவர்கள் கணக்கில் கம்பெனி என்றால் பான் எண்ணா, ஜிஎஸ்டி எண்ணா என்று எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் என்றால் உங்கள் சந்தா அந்த இடத்திலேயே இரட்டிப்பாகும்.

இ-இன்வாய்ஸும், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்லும், அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயம். இந்த 5 கோடி பான் எண்ணுக்கு, இரண்டு மாநிலமும் சேர்த்து. ஏலக்காய் விலைக்கு 5 கோடி தொடுவது பெரிய காரியமில்லை. இ-இன்வாய்ஸ், இ-வே பில் இணைப்பு சந்தாவுக்குள் அடங்குமா, பில்லுக்கு இவ்வளவு என்று தனிக்காசா என்றும் கேளுங்கள்.

நீங்கள் பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா?

போடி_ஸ்டோர் | புதன், காலை 8.05

பார்ட்னர்ஷிப் மேடம். அடுத்த வருஷம் பிரைவேட் லிமிடெட் ஆக்கலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பேரேடு | புதன், காலை 8.30

அப்படியானால் இப்போதே கேட்டுவிடுங்கள். கம்பெனி ஆனதும் கம்பெனிகள் கணக்கு விதி வந்து சேரும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடத்தை சாஃப்ட்வேரே பதிந்துவைக்க வேண்டும். அந்தத் தடத்தை யாரும் அணைத்துவைக்க முடியாதபடி இருக்கவும் வேண்டும். கணக்கின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். கணக்கை 8 வருஷம் வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குக் கட்டுப்படப்போகிறீர்கள், நடுவில் நிறுவனத்தின் வடிவமே மாறப்போகிறது. பெயரும் பான் எண்ணும் மாறும்போது அதே சந்தா தொடருமா, புது ஒப்பந்தமா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கூடலூர்_பாலம் | புதன், பகல் 1.10

எல்லாம் சரி. ஆனால் நடக்கிற கதையா இது? நாம் 12 யூசர். அவர்கள் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே அக்ரிமென்ட் வைத்திருக்கிறார்கள். நமக்காக ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டார்கள். பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்து, இரண்டு தடவையும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டேன்.

குமுளி_சர்வர் | புதன், மாலை 6.45

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. குமுளிக்காரன், கொச்சியில் இந்த மாதிரி சாஃப்ட்வேர்களை நிறுவும் வேலையில்தான் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும். பொதுவான விதிமுறையை மாற்ற மாட்டார்கள். ஆனால் ஆர்டர் படிவம் என்று முன்னால் ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். அதில் 'சிறப்பு நிபந்தனைகள்' என்று எழுத இடமிருக்கும். விற்பவருக்கு அதில் நான்கு வரி சேர்க்க மேலிடத்தில் அனுமதி வாங்க முடியும். நான் பார்த்தவரை, கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றுமே மாறாது என்றால் வேறு வழியும் உண்டு. மூன்று வருஷத்தை ஒரு வருஷமாக்குங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். மாற்ற முடியாத தாளில் குறைந்த காலத்துக்குக் கட்டுப்படுவதே பாதுகாப்பு.

இப்போது யாரோடு ஒப்பந்தம் என்று பாருங்கள். டீலர் கையெழுத்துப் போடுகிறாரா, சாஃப்ட்வேர் கம்பெனியா? பணம் டீலர் கணக்குக்குப் போய், அவர் கம்பெனிக்குக் கட்டாமல் விட்டால் உங்கள் லாகின்தான் நிற்கும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கூடவே அட்மின் லாகின். பல டீலர்கள் தங்கள் மெயில் ஐடியிலேயே கணக்கைத் திறந்துகொடுத்துவிடுவார்கள். ஓடிபி அவர்கள் போனுக்குப் போகும். முதல் நாளிலிருந்தே அட்மின் உங்கள் நிறுவனத்தின் மெயிலில், உங்கள் எண்ணில் இருக்க வேண்டும்.

'99 சதவீதம் இயங்கும்' என்று எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். 30 நாளுக்கு 720 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 7.2 மணி நேரம். அதாவது ஒரு ஏல நாள் காலையிலிருந்து மாலை வரை படுத்துக்கிடந்தாலும் ஒப்பந்தப்படி அவர்கள் தவறே செய்யவில்லை. 99.9 என்றால் மாதத்துக்கு 43 நிமிடம்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். திட்டமிட்ட பராமரிப்பு இந்தக் கணக்கில் சேருமா என்றும் படியுங்கள், பெரும்பாலும் சேராது. அந்தப் பராமரிப்பு ஞாயிறு நள்ளிரவா, 20ஆம் தேதி ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான 3பி போடும் பகலா? தவறினால் கிடைப்பது என்ன? அடுத்த மாதச் சந்தாவில் சிறு கழிவுதான் வழக்கம். தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் மீதிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம் என்று ஒரு வரி கேளுங்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முந்தைய நிலை திரும்பக் கிடைக்கும்? எத்தனை மணி நேரத்துக்குள் கிடைக்கும்? கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டால் அந்த முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

சான்றிதழ் காட்டுவார்கள். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் அது அவர்கள் சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கும் பெரிய கிளவுட் கம்பெனியுடையதாக இருக்கும். கட்டடம் உறுதியானது என்பதற்கான சான்று அது. அதற்குள் இவர்கள் போட்டிருக்கும் பூட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளி ஆடிட்டர் சோதித்துத் தரும் எஸ்ஓசி 2 அறிக்கை இருந்தால் டைப் 1 ஒரு குறிப்பிட்ட நாளின் நிலை, டைப் 2 ஒரு காலம் முழுக்கக் கவனித்தது. டைப் 2 கேளுங்கள்.

நம்ம ஊர்ப் பிரச்சினை ஒன்று பாக்கி. ஆடி ஆவணி மழையில் ஃபைபர் அறுந்தால் மேலே இரண்டு நாள் நெட் இருக்காது. பறிப்பு ஓடுவதும் அப்போதுதான். நெட் இல்லாமல் எடை போட்டு, வந்ததும் ஏறுமா என்று டெமோவிலேயே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள்.

நகரி_தறி | புதன், இரவு 9.00

ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து. விசைத்தறி. எங்களுக்கு 37ம் 33ம். மேடம் சொன்ன 'கம்பெனி என்றால் ஜிஎஸ்டி எண்' விவகாரத்தில் நாங்கள் மாட்டியே விட்டோம்.

இன்னொன்று, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து. எங்களுடையதில் வேண்டாம் என்றால் 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நாங்கள் 79 நாள் இருக்கும்போதுதான் சொன்னோம். 11 நாள் தாமதத்துக்கு இன்னொரு வருஷப் பணம் கட்டினோம். 90ஐ 30 ஆக்கச் சொல்லுங்கள். புதுப்பிக்கும்போது எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் எழுத வேண்டும். அந்தத் தேதியைப் போனில் போட்டுவைப்பதோடு விடாமல், கூலிப் பட்டுவாடா நோட்டின் அட்டையிலும் எழுதி ஒட்டினோம். சனிக்கிழமை தோறும் கண்ணில் படும்.

உத்தமபாளையம்_வக்கீல் | வியாழன், காலை 6.30

இழை முழுவதும் படித்தேன். சட்டப் பக்கம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதலில், நான்கு பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் அக்ரிமென்ட் நான்கு பக்கம் இல்லை. இணையதளத்தில் உள்ளபடி என்று எழுதியதும் அந்தப் பக்கங்களும் அக்ரிமென்ட்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவின்படி மின்னணு வடிவில் ஏற்படும் ஒப்பந்தம் அந்த வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் செல்லாமல் போகாது. டிக் அடித்ததும் கையெழுத்தைப் போலத்தான். அந்தப் பக்கங்களை அவர்கள் நாளைக்கு மாற்றலாம். எனவே கையெழுத்திடும் நாளில் அவற்றை அச்செடுத்து, 'இந்தத் தேதியில் உள்ளபடி' என்று இணைத்து இருவரும் ஒப்பமிடுங்கள்.

'இதுவே முழு ஒப்பந்தம்' என்று ஒரு ஷரத்து கட்டாயம் இருக்கும். அப்படியென்றால் டீலர் வாட்ஸப்பில் அனுப்பிய 'கண்டிப்பாகச் செய்து தருகிறோம் சார்' எல்லாவற்றையும் வைத்து வாதாடுவது மிகவும் சிரமம். அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதில் உங்களுக்கு முக்கியமானதை ஆர்டர் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அது நடக்காது என்று பொருள்.

அப்புறம், சண்டை வந்தால் எங்கே போவீர்கள்? நுகர்வோர் நீதிமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்குத்தான் விலக்கு. 12 யூசர் வைத்து இரண்டு மாநிலத்தில் வியாபாரம் செய்பவருக்கு அது பொருந்துவது கடினம். ஆகவே நீதிமன்ற எல்லை, நடுவர் மன்றம் நடக்கும் ஊர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். வடக்கே ஏதோ ஒரு நகரம் என்றால் நீங்கள் போகவே மாட்டீர்கள், அவர்களுக்கும் அது தெரியும். மதுரை கேளுங்கள், முடியாவிட்டால் சென்னை. இழப்பீட்டு உச்சவரம்பும் அங்கேயே இருக்கும். கடைசி 12 மாதம் கட்டிய சந்தா அளவுக்குத்தான் பொறுப்பு என்பது வழக்கமான வாசகம். அதை உயர்த்துவது கடினம். ஆனால் தரவு கசிவதும், தரவைத் திருப்பித் தராததும் இந்த உச்சவரம்புக்குள் வராது என்று சேர்க்க முயலுங்கள்.

அந்தத் தரவில் தொழிலாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்குமே. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களுக்காக வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது.

போடி_ஸ்டோர் | சனி, மாலை 5.20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலைதான். பன்னீர் அண்ணன் சொன்னதை அப்படியே செய்தேன்.

டீலரிடம் டிரையல் லாகின் கேட்டு வாங்கினேன். போன மாதச் சிட்டை 40 எடுத்து, நானும் தம்பியும் உட்கார்ந்து ஏற்றினோம். பச்சைக்காய் எடை, காய்ந்த எடை, எட்டு எம்எம், ஏழு எம்எம் என்ற காய் அளவு, லாட் எண், சிட்டையின் போட்டோ எல்லாம். பிறகு 'இப்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டுங்கள்' என்றேன். டீலருக்கே அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டார்.

வந்தது சிஎஸ்வி, எக்செல்லில் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பு. பெயர்கள் எல்லாம் கிறுக்கல் எழுத்தாக இருந்தன. லாட் எண் 007 என்று போட்டது வெறும் 7. பச்சைக்காய்க்கு ஒரு கோப்பு, காய்ந்ததற்கு ஒரு கோப்பு. இரண்டையும் சேர்க்கப் பொதுவாக ஒரு எண்ணும் இல்லை. எத்தனை கிலோ பச்சைக்கு எத்தனை கிலோ காய்ந்தது என்பதுதானே எங்கள் தொழிலே. அது வெளியே வரும்போது அறுந்துபோகிறது. போட்டோவுக்குப் பதில் லிங்க். லாக் அவுட் செய்துவிட்டு அந்த லிங்கைத் திறந்தால் லாகின் கேட்கிறது.

குமுளி_சர்வர் | சனி, மாலை 6.10

அருமையான சோதனை. கிறுக்கலுக்குப் பயப்படாதீர்கள். கோப்பை நேராக இரட்டைக் கிளிக் செய்யாமல், எக்செல்லில் டேட்டா மெனு வழியாக எடுத்து எழுத்துக் குறியீட்டில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், தமிழ் சரியாக வரும். எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியாக இருந்திருந்தால்தான் பெயர் அழிந்துவிட்டது என்று அர்த்தம். 007 வெறும் 7 ஆனதும் எக்செல்லின் வேலைதான், அதே இடத்தில் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று வைத்தால் நிற்கும். ஆனால் பச்சை எடைக்கும் காய்ந்த எடைக்கும் தொடர்பு இல்லாததும், போட்டோ லிங்காக வருவதும் நிஜமான ஓட்டைகள். அவை இரண்டையும் விடாதீர்கள்.

போடி_ஸ்டோர் | சனி, இரவு 8.45

யுடிஎஃப்-8ல் பெயர்கள் வந்துவிட்டன அண்ணே, 007உம் நிற்கிறது.

டீலரின் மேலாளரிடம் பேசினேன். ஒப்புக்கொண்டவை: ஒரு வருஷம் மட்டும், சந்தா தொடங்குவது கையெழுத்து நாளில் இல்லாமல் ஸ்டோரில் முதல் சிட்டை ஏறும் நாளில், இரண்டு ஜிஎஸ்டி எண்ணும் ஒரே சந்தாவில், அட்மின் எங்கள் மெயிலில், விலக 30 நாள் நோட்டீஸ். தள்ளுபடி 20லிருந்து 8 ஆனது. ஊர் மதுரை ஆகவில்லை, சென்னை.

நிற்பது ஒன்றுதான். ஒப்பந்தம் முடிந்தபின் 90 நாள் படிக்க மட்டும் லாகின், பச்சை-காய்ந்த தொடர்பு எண்ணோடும் போட்டோக்களோடும் முழு எக்ஸ்போர்ட், இதற்குத் தனிக்காசு கிடையாது. இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமை அலுவலகத்தில் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

பன்னீர்த்திராட்சை | சனி, இரவு 9.05

எழுதித் தராவிட்டால்?

போடி_ஸ்டோர் | சனி, இரவு 9.15

தராவிட்டால் இந்த வருஷப் பறிப்பும் சிட்டை நோட்டிலும் டேலியிலும்தான் அண்ணே. நோட்டு இரண்டு டஜன் இன்றைக்கே வாங்கி ஜீப்பில் மேலே ஏற்றிவிட்டேன்.